மணமுடித்தவர் யார்?
ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்த காலமெல்லாம் என் சிவப்புப் பேனைக்கு அதிகம் இரையானது 'வித்' என்ற சின்னச் சொல்தான். 'அவன் அவளோடு கலியாணம் முடித்தான்' என்று மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கும் பிள்ளைகள், 'மெரி' என்ற வினைக்குப் பின்னால் அந்த 'ஓடு'வையும் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை. 'மெரி' தன் செயப்படுபொருளை நேராகவே பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுப்பது இலகு. இலகுவில்லாத கேள்வியொன்றைச் சாதாரண தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். வாசிப்புப் பகுதியொன்றில், வணிகர் ஒருவர் தன் மகளை ஒரு மாலுமிக்கு 'மெரி' செய்தார் என்று இருந்தது. "சேர், வாப்பா எப்பிடி மகளை மெரி பண்ணுவார்?" வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. அந்த வினைச்சொல்லின் ஆயிரம் வருடக் கதை அதற்குள் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இந்த ஒரே வினைக்கு மூன்று விதமான எழுவாய்கள் வரலாம். மணமகனோ மணமகளோ வரலாம். இருவரையும் சேர்த்துவைக்கும் பாதிரியாரோ பதிவாளரோ வரலாம். பெண்ணைக் கொடுக்கும் தகப்பனும் வரலாம். தமிழில் எமக்கு இந்தக் குழப்பம் இல்லை. முடித்தான், முடித்து வைத்தார், முடித்துக் கொடுத்தார் என்று துணைவினைகள் ஆளை ஆள் பிரித்துக் காட்டிவிடும். கிழக்கில் பெண் வீட்டார் 'மாப்பிள்ளை எடுத்திருக்கிறோம்' என்றும் சொல்வார்கள். அங்கே மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார் என்பதால் அந்த 'எடுத்தல்' பொருத்தமானதே. அரபு மொழி இன்னும் நுட்பமானது. 'தஸவ்வஜ' என்றால் தானே மணமுடித்தான். 'ஸவ்வஜ' என்றால் இன்னொருவருக்கு மணமுடித்துக் கொடுத்தான். மூலம் ஒன்று, வடிவம் வேறு. நிக்காஹ் மஜ்லிஸில் வலி சொல்வது இரண்டாவதை. ஆங்கிலம் மட்டும் ஏன் எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்தது?

விடை தேடினால் முதலில் எதிர்ப்படுவது 'மெரி' அல்ல. அதற்கு மூத்த சொல்லான 'வெட்'. இன்று பத்திரிகைத் தலைப்புகளிலும் கலியாண அழைப்பிதழ்களிலும் 'வெடிங்' என்ற வடிவத்திலும்தான் அது பெரும்பாலும் உயிர்வாழ்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்ற பெயர்ச்சொல்லுக்குக் கலியாணத்தோடு நேரடி உறவு எதுவும் இல்லை. அதன் பொருள் ஈடு, பிணை. கடன் வாங்குபவன் கொடுத்து வைக்கும் பொருளும் 'வெட்', உடன்படிக்கையைக் காப்பேன் என்று கொடுக்கும் உறுதியும் 'வெட்'. இதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சு நிலத்துக்குப் போய் இரண்டு உருவெடுத்தது. வடக்கில் அது 'வ'கரத்தோடு நின்றது. ஏனைய இடங்களில் 'க'கரமாகியது. கடைக்காரர் தரும் 'வொரண்டி'யும் 'கேரண்டி'யும் ஒரே சொல்லின் இரு உருவங்களாக இருப்பதும் இந்த வழியில்தான். அங்கிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பி வந்த உறவினர்களைப் பாருங்கள். பந்தயம் என்ற பொருளில் 'வேஜர்'. நிச்சயதார்த்தத்துக்கும் வேலைக்கு அமர்த்துவதற்கும் பொதுவான 'என்கேஜ்'. வங்கிக்கு வீட்டை ஈடு வைக்கும் 'மோர்ட்கேஜ்', அதன் சொற்பொருள் 'இறந்த ஈடு'. கூலி என்ற பொருள் தரும் 'வேஜ்'. ஜெர்மன் மொழியில் இதே வேர் இன்றும் பந்தயத்தைத்தான் குறிக்கிறது.

கலியாணச் சொல்லும் கூலிச் சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று முதலில் வாசித்தபோது எனக்குக் 'கைக்கூலி' நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் மொழி உறவு எதுவும் கிடையாது. ஆனால் கலியாணத்தின் அடியில் ஒரு கொடுக்கல் வாங்கல் கிடக்கிறது என்பதை இரு மொழியும் மறைக்கவில்லை. அடுத்து வரும் கேள்வி, யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பது.

உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 அளவில் ஜெர்மானியக் குலங்களைப் பற்றி எழுதியபோது ஒரு விடயத்தை வியப்போடு குறிப்பிட்டார். அவர்களிடத்தில் மனைவி கணவனுக்குச் சீதனம் கொண்டுவருவதில்லை, கணவனே மனைவிக்குக் கொடுக்கிறான். உரோமில் நடைமுறை நேர்மாறு என்பதால்தான் அந்த வியப்பு. பிரித்தானியாவில் குடியேறிய அங்கிலோ-சக்சன் மக்கள் இந்த ஜெர்மானிய வழக்கைத் தம்மோடு கொண்டுவந்தார்கள். ஆயினும் தொடக்கம் அழகானதல்ல. கி.பி. 600 அளவில் கென்ட் மன்னன் எத்தல்பேர்ட் பெயரால் எழுதப்பட்ட சட்டத்தில் கன்னிப்பெண்ணை விலைகொடுத்து வாங்குவது பற்றியே பேசப்படுகிறது. வியாபாரத்தில் கள்ளம் இருந்தால் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தை மீளப் பெறலாம். மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம்.

நானூறு வருடம் கழித்து எழுதப்பட்ட ஒரு சிறு ஏடு முற்றிலும் வேறு குரலில் பேசுகிறது. பெண்ணை நிச்சயம் செய்யும் முறை பற்றியது அது. அதில் வரும் வினை இந்த 'வெட்' தான். ஒருவன் ஒரு கன்னியையோ பெண்ணையோ மணம் பேச விரும்பினால், அது அவளுக்கும் அவளுடைய உறவினருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று தொடங்குகிறது ஏடு. அவளுக்கு என்பது முதலில், உறவினருக்கு என்பது பிறகு. அவளை முறையாக வைத்துக் காப்பேன் என்று மணமகன் உறுதி கொடுக்க வேண்டும், அவனுடைய நண்பர்கள் அதற்குப் பிணை நிற்க வேண்டும். தன்னை ஏற்றுக்கொள்வதற்காக அவளுக்கு என்ன கொடுக்கிறான் என்பதையும், தான் முந்தி இறந்தால் அவளுக்கு என்ன சேரும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இறந்தால் சொத்தில் பாதி அவளுக்கு. இருவருக்கும் பிள்ளை பிறந்திருந்தால், அவள் மறுமணம் செய்யாதவரை முழுவதும். வேறொரு பிரபுவின் நிலத்துக்கு அவளைக் கூட்டிச் செல்வதானால், அங்கே அவளுக்கு எந்தத் தீங்கும் நேராது என்ற உறுதியையும் அவளுடைய ஆட்கள் கேட்டு வாங்க வேண்டும். மகளைத் தூர ஊருக்குக் கட்டிக் கொடுத்த எந்தத் தாய்க்கும் இந்த வரியை யாரும் விளக்கத் தேவையில்லை.

பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னன் கனூட்டின் சட்டம் இதை இன்னும் இறுக்கியது. தனக்குப் பிடிக்காத ஆணுக்கு எந்தப் பெண்ணையும் வற்புறுத்திக் கொடுக்கக்கூடாது, பணத்துக்கு விற்கக்கூடாது. மணமகன் தன் விருப்பத்தோடு எதையாவது கொடுத்தால் மட்டும் தடையில்லை. கலியாணத்துக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் 'காலைக் கொடை' என்ற வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அது அவளுடைய சொந்தச் சொத்து. காணிகளையே காலைக் கொடையாகப் பெற்ற பெண்கள் உண்டு. மஹர் பற்றித் தெரிந்த வாசகர் இதை எதனோடு ஒப்பிடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒன்றிலிருந்து மற்றது வந்ததாகக் கதை கட்டும் நோக்கம் எனக்கில்லை. ஒரே பிரச்சினைக்குத் தூரத் தூர இருந்த சமூகங்கள் கண்ட ஒத்த தீர்வுகள் இவை, அவ்வளவே.

ஆகவே ஒருவன் 'வெட்' செய்தான் என்றால், ஆதியில் அவன் ஒரு பொறுப்புக்குப் பிணை கொடுத்தான் என்பதுதான் பொருள். 'வெட்லொக்' என்ற சொல்லில் பூட்டைக் காண்பவர்கள் உண்டு. மேடைகளில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்குவார்கள். அங்கே பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. அந்தப் பிற்பகுதி செயலைக் குறிக்கும் பழைய விகுதி. பிணை கொடுக்கும் செயல் என்பதே முழுச் சொல்லின் பொருள்.

'மெரி' வந்தது வேறு வழியால். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு மொழி அரண்மனையிலும் நீதிமன்றிலும் ஏறி அமர்ந்தது. 1300ஆம் ஆண்டளவில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் குடியேறிவிட்டது. இதன் இலத்தீன் மூலம் கணவன் என்ற பொருளுடைய 'மரிட்டுஸ்'. அப்படியானால் வினையின் அடிப்பொருள் 'கணவனைக் கொடுத்தல்' என்றாகிறது. அந்த மாணவியின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடக்கிறது. தகப்பன் மகளை 'மெரி' செய்வது பிற்காலத்தில் ஒட்டவைத்த வழக்கல்ல. சொல்லின் பிறப்பிலேயே அது இருக்கிறது.

உரோம விவசாயிகள் இதே வினையைத் திராட்சைத் தோட்டத்திலும் பயன்படுத்தினார்கள். திராட்சைக் கொடியை எல்ம் மரத்தில் படரவிடுவதைக் கொடிக்கு மணமுடித்தல் என்றார்கள். முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா இப்பாவனையைக் கையாள்கிறார். இத்தாலியின் சில பகுதிகளில் மரத்தில் ஏற்றிய கொடியை இன்றும் 'மணமுடித்த கொடி' என்றே அழைக்கிறார்கள். கொடிக்குக் கொழுகொம்பு வேண்டும் என்று பெண்ணைப் பற்றிப் பாடிப் பழகிய நமது மரபுக்கு இது அந்நியமான கற்பனையல்ல. கொடிதான் காய்க்கிறது என்பதை மட்டும் இரு மரபும் வசதியாக மறந்துவிடும்.

உண்மையில் அக்கால மொழிகளில் ஆணும் பெண்ணும் ஒரே வினையால் மணமுடிக்கவில்லை. இலத்தீனில் ஆண் மனைவியை 'அழைத்துச் செல்வான்'. பெண்ணுக்கு உரிய வினை வேறு. உரோம இலக்கணகாரர்கள் அதை முக்காடு இடுவதோடு தொடர்புபடுத்தி விளக்கினார்கள். பழைய ஆங்கிலத்திலும் மனைவி எடுப்பதற்கு ஒரு வினை, கணவன் எடுப்பதற்கு இன்னொரு வினை இருந்தன. 'மெரி' அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டது. அவனும் 'மெரி', அவளும் 'மெரி'. மொழியளவில் பெண்ணுக்கு இது ஒரு முன்னேற்றம்தான். ஆனால் அதே சொல் தகப்பன் கையிலும் இருந்தது.

(ஷேக்ஸ்பியர் நாடகங்களில் பாத்திரங்கள் வாய்க்கு வந்தபடி 'மெரி' என்று சொல்லி வசனத்தைத் தொடங்குவதைக் கண்டு குழம்ப வேண்டாம். அது மர்யம் அம்மையாரின் ஆங்கிலப் பெயரால் இட்ட ஆணை, தேய்ந்து வெறும் அசைச்சொல்லானது. கலியாணத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டம் இந்த வினைக்குப் புதியதொரு பாரத்தை ஏற்றியது. பாப்பரசர் மூன்றாம் அலெக்ஸாந்தரின் காலத்தில் (1159-1181) நிலைபெற்ற கோட்பாட்டின்படி, கலியாணத்தை ஆக்குவது இருவருடைய சம்மதம். பாதிரியாரும் தகப்பனும் இல்லாவிட்டாலும் அது செல்லும். அந்தச் சம்மதம் எந்தக் காலத்தில் சொல்லப்பட்டது என்பதுதான் முக்கியம். 'உன்னை மனைவியாக எடுக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொன்னால் அந்தக் கணமே கலியாணம். 'எடுப்பேன்' என்று எதிர்காலத்தில் சொன்னால் அது வெறும் நிச்சயம், ஆனால் அதன்பின் இருவரும் கூடினால் அதுவும் கலியாணமாகிவிடும். வேலியோரத்திலும் சமையலறையிலும் சொல்லப்பட்ட வினைகளின் காலவிகுதியை வைத்து இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடின. வழிபாடு முழுவதும் இலத்தீனில் நடந்த காலத்திலும் மணவாக்கை மட்டும் மணமக்கள் ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். சொல்பவருக்குச் சொல் விளங்க வேண்டும் அல்லவா?

நமது பிக்ஹு நூல்களும் ஈஜாப், கபூல் வாசகங்களின் காலத்தில் அதே அக்கறையைக் காட்டுவதை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது இறந்தகாலம். 'முடித்துத் தந்தேன்', 'ஏற்றுக்கொண்டேன்'. நடந்து முடிந்துவிட்டது, இனிப் பின்வாங்க இடமில்லை என்ற உறுதி அந்தக் காலவிகுதியில் இருக்கிறது. 'தருவேன்' என்பது வாக்குறுதி மட்டுமே. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருக்கிறது. திருச்சபையின் வாசகத்தை மணமகளும் தன் வாயால் சொன்னாள். ஷாபிஈ மத்ஹபில் அவளுக்காக அவளுடைய வலி சொல்கிறார். ஹனபி மத்ஹபிலோ பருவமடைந்த பெண் தானே ஒப்பந்தம் செய்யலாம்.

காகிதத்தில் இருந்த சம்மதம் வாழ்க்கையில் இருந்ததா என்பது வேறு கதை. காலப்போக்கில் பணத்தின் திசையும் மாறிப்போயிருந்தது. மத்திய காலத்தில் தேவாலய வாசலில் நின்று மணமகன் மனைவிக்கு எழுதிவைத்த பங்கு மெல்ல மெல்லச் சுருங்க, பெண்ணின் தகப்பன் மணமகன் பக்கத்துக்குக் கொடுக்கும் தொகை பெருத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் செல்வர் வீட்டுக் கலியாணம் சட்டத்தரணிகளின் மேசையில் நிச்சயிக்கப்பட்டது. பிணை கொடுத்தவன் பிணை வாங்குபவனாகிவிட்டான், 'வெட்' என்ற சொல்லுக்கு மட்டும் அது தெரியாது.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரபு ஒருவரின் மகளான மேரி பியர்பொன்ட், எட்வர்ட் வோர்ட்லி மொன்டேகு என்பவரை விரும்பினார். தன் காணிகளை, இன்னும் பிறக்காத மூத்த மகனின் பெயருக்குக் கட்டுப்படுத்தி எழுத எட்வர்ட் மறுத்தபடியால் தகப்பனார் அவரை நிராகரித்தார். வேறொருவருக்கு அவளை 'மெரி' செய்ய ஏற்பாடும் செய்தார். மகளோ 1712இல் வீட்டைவிட்டுப் போய்த் தானே எட்வர்டை 'மெரி' செய்தார். ஒரே வினையின் இரண்டு எழுவாய்கள் ஒரே வீட்டில் மோதிக்கொண்டன.

சில வருடங்களில் கணவர் உஸ்மானியப் பேரரசுக்குத் தூதுவராக நியமிக்கப்பட, மேரியும் உடன் சென்றார். 1717இல் எதிர்னேயிலிருந்து எழுதிய கடிதத்தில், துருக்கியச் சீமாட்டிகள் தமது பணத்தைத் தமது கையிலேயே வைத்திருப்பதை அவர் கவனித்து எழுதியிருக்கிறார். அது அவருக்குப் புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் பணம் கணவனுக்குரியது. கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆள், அந்த ஆள் கணவன். 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரும்வரை இதில் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. மேரியின் கடிதத்தை நமது மேடைகளில் பெருமையோடு எடுத்துக்காட்டலாம். எடுத்துக்காட்டுபவர் தன் மருமகளின் மஹர் எவ்வளவு, மகனுக்கு வாங்கிய கைக்கூலி எவ்வளவு என்பதையும் கூடவே சொன்னால் நல்லது.

1753இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இரகசியக் கலியாணங்களைத் தடுக்க ஒரு சட்டம் இயற்றியது. ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் என்பார்கள். 1754 மார்ச் 25இல் அது நடைமுறைக்கு வந்தது. யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு. ஏனைய எல்லாரும் அங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணமுடிக்க வேண்டும். கத்தோலிக்கர்களுக்கும் அதே விதி, 1837 வரை. அவசரக் காதலர்கள் எல்லை தாண்டி, பழைய சட்டம் இன்னும் செல்லுபடியான ஸ்கொட்லாந்தின் கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு வண்டி கட்டினார்கள். அங்கே கொல்லனின் பட்டறையில் கலியாணம் நடக்கும்.

அந்தச் சட்டத்தின் ஒரு சிறு ஏற்பாடு எதிர்பாராத பயனொன்றைத் தந்தது. பதிவேட்டில் மணமகனும் மணமகளும் கையொப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் புள்ளடி போடலாம். இருநூறு வருடம் கழித்து வரலாற்றாசிரியர்கள் அந்தப் பதிவேடுகளைத் திறந்து கையொப்பங்களையும் புள்ளடிகளையும் எண்ணினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்களில் ஏறத்தாழ 60 வீதத்தினரும் பெண்களில் 40 வீதத்துக்குக் குறைவானோரும் தம் பெயரை எழுதக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று தெரியவந்தது. ஏழைப் பணிப்பெண்கள், நெசவுக்காரிகள், பாற்காரிகள், எந்த வரலாற்றிலும் இடம்பெறாதவர்கள், அந்த ஒரு நாளில் அந்த ஒரு தாளில் தம் கையின் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அங்கும் குறை இருந்தது. 1837இல் தொடங்கிய பதிவுமுறையில் மணமக்களின் தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் கேட்கப்பட்டன. தாய்மாரின் பெயர் பதிவில் ஏறியது 2021 மே மாதத்தில்தான்.

இலங்கையில் ஆங்கிலேயர் முஸ்லிம் விவாகப் பதிவுக்கென்று 1886இல் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். 1929இல் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் வந்தது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். ஆங்கிலத்தில் வரையப்பட்ட அந்தச் சட்டத்துக்குள் நமது 'கைக்கூலி' அப்படியே, மொழிபெயர்க்கப்படாமல் நுழைந்திருக்கிறது. அதன் வரைவிலக்கணம் கவனித்து வாசிக்க வேண்டியது. மணமகளின் பாவனைக்காக மணமகனிடம் கொடுக்கப்படுவதே சட்டத்தின்படி கைக்கூலி. அது அவனுடைய விலை அல்ல, அவளுடைய பணம், அவன் கையில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெட்' என்று இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அதே சட்டம் விவாகப் பதிவுக்கு மூன்று பேரின் ஒப்பமிட்ட பிரகடனங்களைக் கேட்டது. மணமகன், மணமகளின் வலி, நிக்காஹ்வை நடத்தியவர். அந்த மாணவி கேட்ட வினையின் மூன்று எழுவாய்களும் அங்கே இருக்கிறார்கள்: முடித்தவர், முடித்துக் கொடுத்தவர், முடித்து வைத்தவர். மணமகள் ஒப்பமிட இடம் ஒதுக்கப்படவில்லை. சட்டத்தைச் சீர்திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கொடுத்தபோது, மணமகளின் கையொப்பமும் விவாதத்துக்குரிய விடயங்களில் ஒன்றாக இருந்தது.

எனது உம்மாவின் காலத்து விவாகப் பதிவேடொன்றைப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. மஹர் தொகை, வலியின் பெயர், சாட்சிகளின் பெயர்கள் எல்லாம் பதிவாளரின் அழகான கையெழுத்தில் இருந்தன. மணமகளின் பெயரும் அதே கையெழுத்தில்தான். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருந்தது, எத்தனை பேர் அரபுத் தமிழில் எழுதக்கூடியவர்களாக இருந்தார்கள் என்று ஓர் ஆய்வாளர் கணக்கெடுக்க விரும்பினால், அவர் வேறு ஏட்டைத்தான் தேட வேண்டும்.